வலப்பக்க முன்தண்டு

என் தகரப் பெட்டியின் அடியில், கலியாணச் சேலைக்கும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சட்டைகளுக்கும் கீழே, ஒரு சின்ன மெத்தை கிடக்கிறது. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்கும். மேலே சிவப்பு வெல்வெட். உள்ளே இலவம் பஞ்சு. நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு தார்க் கறை, எத்தனை தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. திருநாளன்று எங்கள் கோயில் அந்தோனியாரின் சொரூபத்தைத் தண்டுகள் பூட்டிய மரக்கூட்டில் ஏற்றி வீதிவலம் கொண்டுபோகும்போது, தண்டு தோளை அறுத்துவிடாமல் இருக்கச் சுமக்கிற ஆண்கள் இப்படி ஒரு மெத்தையைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். கலியாணமான வருஷம் என் வீட்டுக்காரருக்காக நானே தைத்தது இது. போன மாதம் மச்சாள் வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறி வந்து இதைக் கேட்டாள். அவள் கேட்பது இது இரண்டாம் தரம். முதல் தரம் கேட்டது வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில். அன்றைக்கு எடுத்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மோட்டார் காரும், முடியவே மாட்டேன் என்று நின்ற ஒரு வழக்கும் கிடக்கின்றன.

மச்சாள் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் தங்கையை. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒடுக்கமான ஒரே ஒழுங்கையில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளில், அடுத்தடுத்த இரண்டில் நாங்கள் இருந்தோம். நடுச்சுவர் கூரையைத் தொடாது. அவள் வீட்டில் மீன் பொரிந்தால் என் பிள்ளைகள் இங்கே மூக்கை உறிஞ்சும். என் வீட்டில் ஒருவர் இருமினால் அவள் அங்கிருந்தே, "கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ மச்சாள்," என்பாள். இரண்டு வீட்டு ஆண்களுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. அவளுடைய புருஷன், எனக்கு அண்ணன் முறை, பண்டகசாலையில் காவல். என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற கிளாக்கர். இடது கையில் பலகை, வலது கையில் பென்சில். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்தாலும், அவர் கையெழுத்து மட்டும் பூப்போட்ட மாதிரி இருக்கும். அதைவிட அவருக்குப் பெருமை ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த சின்னக் கோயிலில், அந்தோனியார் கூட்டின் வலப்பக்க முன்தண்டு அவருடைய தகப்பன் காலந்தொட்டு அந்த வீட்டாருக்கு உரியது. திருநாள் வந்தால் மற்றத் தண்டுகளுக்கு ஆள் மாறும். அந்தத் தண்டுக்கு மாறாது.

ஒரு நாள் பின்னேரம் இருவரும் வேலை முடிந்து ட்றாமிலிருந்து இறங்கி வீதியைக் கடந்திருக்கிறார்கள். ஒரு துரையின் கார் வளைவில் வந்தது. துரை உள்ளே இல்லை, சாரதி மட்டும்தான். ஹோர்ன் அடிக்கவில்லை. அண்ணனின் இடது பாதத்தின் மேலே கார்ச் சில்லு ஏறி உருண்டது. என் வீட்டுக்காரர் தூக்கி எறியப்பட்டு வலத்தோள் கல்லில் அடிபட விழுந்தார். காறை எலும்பு முறிந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். மச்சாளும் நானும் ஒரே ரிக்‌ஷாவில் சூப்புப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு போய் வருவோம். அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு வேற்றுமையும் இருக்கவில்லை. ஒரே செபமாலையை மாறி மாறிப் பிடித்துச் செபித்திருக்கிறோம்.

அவர்கள் வீடு திரும்பிய பிறகு, காரை இன்சூர் செய்த கொம்பனியிலிருந்து ஒரு பறங்கி ஐயா வந்தார். சாம்பல் நிறத் தொப்பி, கையில் தோல் பை. முதலில் மச்சாள் வீட்டுக்குப் போனார். சுவருக்கு மேலால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "இப்ப எடுத்தா இப்ப. கோட்டுக்குப் போனா எப்ப, ஆண்டவருக்குத் தெரியும்," என்றார். கடதாசி சரசரத்தது. பிறகு மச்சாள் சிரித்தாள். அது சல்லியைக் கையில் வாங்கிய சிரிப்பு என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டிலும் அவர் நட்டஈட்டுக் கடதாசியை நீட்டினார். என் வீட்டுக்காரர் ஞாயிறுவரை தவணை கேட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும், கோயிலில் முன்வரிசையில் முழந்தாளிடுகிற பிரக்கிராசியாரிடம் போய், கோட்டு விஷயமெல்லாம் தெரிந்த மனிதர் என்று யோசனை கேட்டார். பிரக்கிராசியார் கோயில் வாசலிலேயே நின்று சத்தம் போட்டார். "அவனுக்குக் கால். உனக்கு எழுதுற கை. அவங்கள் தாற பிச்சைக்குக் கையெழுத்துப் போட்டியோ, பிறகு என்ர முகத்தில முழிக்காத." அவர் சொன்னதில் பிழையில்லை. பென்சில் பிடித்தால் இவருக்கு விரல் விறைக்கும். கை தோளுக்கு மேலே எழும்பாது. துறைமுகத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எங்களுக்கு ஒரேயொரு வழிதான் தெரிந்தது. ஒழுங்கை முனையில் வீதியைப் பார்த்த ஒரு கடை அறை பூட்டிக் கிடந்தது. நட்டஈடு வந்தால் அதை எடுத்து ஒரு சில்லறைக் கடை போடலாம், நான் பின்னால் இடியப்பம் அவிக்கலாம், இவர் முன்னால் இருக்கலாம். அறைக்குச் சொந்தக்கார முதலாளியிடம் சொல்லியும் வைத்தோம். "வழக்கு முடியட்டும், உங்களுக்குத்தான்," என்றார் அவர்.

வழக்கு புதுக்கடைக் கோட்டில் தொடங்கியது. தொடங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். கோட்டில் குறித்த ஒரு தவணை நாளுக்குப் போனால் கொம்பனியின் டொக்டர் மலைநாட்டில். அடுத்த தவணைக்கு அந்தச் சாரதி வேலையை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டான் என்றார்கள். பிறகு நீதவான் லீவு. ஒரு தரம் எங்கள் பிரக்கிராசியாரின் மகளுக்கே கலியாணம். நாங்களும் போய்ப் பந்தலில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். கேட்டால், "எலும்பு பொருந்தவே எவ்வளவு நாள் எடுத்தது? வழக்குப் பொருந்த எடுக்காதோ?" என்பார். தவணை நாள் காலையில் இவருக்குக் கோட்டுச் சட்டை மாட்டிவிடுவது என் வேலை. நோகிற கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கை பிறகு. கழற்றும்போது நேர்மாறு. அந்த வரிசையில் நான் பிழைவிட்டால் அவர் சத்தம் போடமாட்டார், உதட்டைக் கடித்துக்கொள்வார். வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, திரும்பி வரும் வழியில் பிள்ளைகளுக்கு மாலுபாண் வாங்கி வருவார். அந்த மீன் பணிஸின் ருசியில், என் மூத்தவள் காலையில் எழும்பியதும், "இண்டைக்குத் தவணையோ அப்பா?" என்று ஆசையாய்க் கேட்பாள். இவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

எப்படி வரும்? அண்ணன் கிடைத்த பணத்தை வைத்து வெள்ளவத்தையில், காலி ஊருக்குப் போகும் பெருவீதியில், ஒரு கடையில் பங்கு எடுத்துவிட்டார். நாங்கள் ஆசைப்பட்ட அதே சில்லறைக் கடை. மச்சாள் கடற்கரைப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் தரம் அங்கே போன அன்று அவள் பட்டப்பகலில் எங்களுக்கு லைட்டைப் போட்டுக் காட்டினாள். சுவிச்சைத் தட்டினாள், அணைத்தாள், மறுபடியும் தட்டினாள். "உங்கட குப்பி விளக்குப் புகை பிள்ளையளின்ர நெஞ்சுக்குக் கூடாது மச்சாள்," என்றாள். யன்னலைத் திறந்து, "இஞ்ச காத்தைப் பாருங்கோ. கொட்டாஞ்சேனையில எந்த நேரமும் கருவாட்டு மணம்," என்றாள். அந்தக் கருவாட்டை அவளும் நானும் பாதிபாதியாய் வாங்கிச் சமைத்தது அதற்கு முந்தின வருஷம்தான். புறப்படும்போது தன் பழைய திரைச்சீலைகளைக் கட்டித் தந்தாள். வீட்டுக்கு வந்து அவற்றை அடுப்படித் துணியாக வெட்டினேன்.

"உங்கட வழக்கு எப்பிடி மச்சாள்?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"தவணை போட்டிருக்கு."

"இன்னுமோ? எங்கட ஆளுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது மச்சாள். உங்கட ஆள் ஒரு பரிசுத்தவான்."

அந்தப் பரிசுத்தவான் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தை நான் பல நாள் வாயில் போட்டு மென்றிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரின் முன்னால் மெழுகுதிரி வைப்பேன். அவள் வெள்ளவத்தையிலிருந்து வந்து என் திரியைவிட உயரமாய் ஒன்று வைப்பாள். அவளுடைய திரி எரிந்து முடிய நேரமாகும். 'ஐயா, அவளுக்குத்தான் கேட்கிறதுக்கு முதலே குடுத்திட்டீரே, இன்னும் அவளின்ர திரி ஏன் இவ்வளவு நேரம் எரியவேணும்?' என்று நான் சொரூபத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறேன்.

விபத்துக்குப் பின் முதல் திருநாள் நெருங்கியபோது, வலப்பக்க முன்தண்டை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. அந்தத் தண்டு வலத்தோளில்தான் உட்காரும். வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், மருமகனும் அந்த வீட்டு ஆள்தானே என்று சொல்லிக் கோயில் மூப்பர் அதை அண்ணனுக்குக் கொடுத்தார். மறுநாளே மச்சாள் வந்து நின்றாள்.

"அந்தத் தோள்மெத்தையைத் தாங்கோவன். சும்மா கிடக்கிறதுதானே மச்சாள்."

இவர் உள்ளேயிருந்து, "குடும், சாமி காரியம்," என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். நான் ஊசி குத்திய விரலால் தைத்த மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் முன்தண்டைப் பிடிக்க, மச்சாள் லேஸ் முக்காடு போட்டு வீதியோரம் நின்று பார்த்தாள். நான் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்றேன். இவர் மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார். இடது கையால் பிடித்திருந்தார்.

இப்படியே இன்னொரு திருநாளும் போனது. அதற்கு அடுத்த திருநாளுக்கு மச்சாள் ஒரு விருந்தாளியைக் கூட்டி வந்தாள். அதே பறங்கி ஐயா. தங்களுக்கு நல்லது செய்த மனிதரைத் திருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் விடலாமா என்றாள். நன்றிக்குக் கூப்பிட்டாளா, வேறு நினைவில் கூப்பிட்டாளா என்று நான் இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

கூடு கோயிலிலிருந்து இறங்கி, வீதி துறைமுகத்துப் பக்கம் திரும்புகிற இடத்துக்கு வந்தது. அங்கே புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வெயிலில் இளகிக் கிடந்தது. அண்ணனின் இடது பாதம் அதில் புரண்டது. சில்லு ஏறிய அதே பாதம். அவர் ஒரு முழந்தாளில் விழ, முன்தண்டு கீழே போனது. கூடு சரிந்தது. பூமாலைகள் ஒரு பக்கமாய்த் தொங்கின. பெண்கள் "அந்தோனியாரே!" என்று கத்தினோம். மெழுகுதிரியைப் போட்டுவிட்டு இவர் பாய்ந்ததை நான் கண்டேன். குனிந்து, தண்டுக்குக் கீழே புகுந்து, வெறும் தோளைக் கொடுத்து எழும்பினார். வலத்தோள். கூடு நிமிர்ந்தது. அவர் முகத்தில் வியர்வை உடனே கொட்டியது. மெத்தை தாரில் கிடந்தது. நான் ஓடிப் போய் அதை எடுத்தேன். "பொம்பிளையள் கூட்டுக்குக் கிட்ட வரப்படாது!" என்று மூப்பர் கைகாட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் அவரோடு நடந்து நடந்து, தண்டுக்கும் தோளுக்கும் நடுவே அதைத் திணித்தேன். "விடும், விடும்," என்றார் அவர், மூச்சு வாங்க. கோயில்வரை அவர்தான் சுமந்தார்.

அந்த நேரத்தில் எனக்கு அவருடைய எலும்பின் நினைவே வரவில்லை. வழக்கின் நினைவும் வரவில்லை. மச்சாள் லேஸ் முக்காட்டோடு எங்கே நிற்கிறாள் என்றுதான் என் கண் தேடியது. கண்டேன். அவளுக்குப் பக்கத்தில் பறங்கி ஐயா தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நின்றார். பக்தியாய்த்தான் பார்த்தார். நன்றாகவும் பார்த்தார்.

அடுத்த தவணைக்கு நானும் கோட்டுக்குப் போனேன். அன்றைக்கு டொக்டரும் இருந்தார், நீதவானும் இருந்தார், எல்லாரும் இருந்தார்கள். கொம்பனிக்காகப் பேசிய அப்புக்காத்து எழும்பி இவரைச் சாட்சிக் கூட்டில் ஏற்றினார். இங்கிலீசுக்கும் தமிழுக்கும் நடுவே ஒரு முதலியார் நின்று மொழிபெயர்த்தார்.

"ஒரு வாளி தண்ணி தூக்கேலாது எண்டு இந்தக் கோட்டில சத்தியம் பண்ணினனீர்தானே?"

"ஓம் ஐயா."

"திருநாளில சொரூபக் கூட்டைத் தூக்கினனீரோ?"

எங்கள் பிரக்கிராசியார் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று சொல்லலாம், கொம்பனிப் பக்கத்தில் பார்த்தவர் அந்தப் பறங்கி ஐயா ஒருவர்தான். இவர் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணியவர்.

"ஓம் ஐயா, தூக்கினனான்."

"எந்தத் தோளால?"

இடது கையால் தொட்டுக் காட்டினார். "இந்தத் தோளால."

"அப்ப தோள் சுகம்."

"சுகமில்லை ஐயா. அவர் விழப்போனார். பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறீங்களோ?"

முதலியார் அதை இங்கிலீசில் சொல்ல, நீதவான் நிமிர்ந்து ஏதோ கேட்டார். முதலியார் இவர் பக்கம் திரும்பினார். "விழப்போன ஆளின் பேர் என்ன எண்டு கேக்கிறார்."

"அந்தோனியார்."

"அவரும் இந்த வழக்கில ஒரு கட்சிக்காரரோ எண்டு கேக்கிறார்."

கோட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஓம் எண்டு சொல்லுங்கோ ஐயா. அவரிட்டைத்தான் நாங்கள் முதல் முதல் போனது," என்றார். முதலியார் அதை மொழிபெயர்த்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தோளைத் திரும்பவும் டொக்டர் பார்க்கட்டும் என்று சொல்லி இன்னொரு தவணை போட்டார்கள். வெளியே வந்ததும் பிரக்கிராசியார், "உன்னை வைச்சு வழக்குப் பேசுறதிலும் பார்க்க, அந்தச் சொரூபத்தை வைச்சுப் பேசலாம், அதுவெண்டாலும் வாயைத் திறவாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் இவர் மாலுபாண் வாங்கினார்.

பொருந்திய எலும்பு அசைந்துவிட்டதாக டொக்டர் எழுதினார். அது உன் செய்கை, எங்கள் காரின் செய்கையில்லை என்றது கொம்பனி. அதைப் பேசப் பல தவணை. அதற்குள் யுத்தம் கொழும்புக்குக் கிட்ட வந்துவிட்டது; குண்டு விழும் என்று பயந்து பிரக்கிராசியார் குடும்பத்தோடு நீர்கொழும்புக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்து, வழக்குக் கட்டுகளைத் தூசி தட்டி, கடைசியில் கோட்டுக்கு வெளியே பேசி முடித்தார்கள். அவருடைய செலவு போகக் கையில் வந்தது, பறங்கி ஐயா முதல் நாள் எங்கள் வீட்டு வாசலில் நீட்டியதைவிடப் பெரிதாய் ஒன்றுமில்லை. முனைக் கடை அறையை முதலாளி எப்போதோ வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எவ்வளவு காலம்தான் ஒரு கதவைப் பூட்டி வைத்திருப்பார்? எங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடித்து, மெழுகுதிரி, செபமாலை, சோடாப் போத்தல் என்று வைத்து விற்றோம். கோயிலுக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள். அதிலேதான் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

மச்சாள் கேள்விப்பட்டு வந்தாள். "இவ்வளவு காலம் இருந்து இவ்வளவுதானோ?" என்றாள். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணனின் பாதமும் அந்தத் திருநாளுக்குப் பிறகு மோசமாகி, கடையில் நின்று வியாபாரம் பார்க்க முடியாமல் போனது. கொம்பனியிடம் திரும்பிப் போக வழியில்லை, கையெழுத்துப் போட்டாயிற்று. அதைக் கேட்டு எனக்குப் பாவமாய் இருந்ததா என்றால், இருந்தது. கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

முன்தண்டு இவரிடமே திரும்பி வந்தது. மூப்பர் வீட்டுக்கு வந்து சொன்னார். சுமக்க இவரால் முடியாது. பின்னால் பலமான ஒருவனை விட்டுப் பாரத்தைக் கொடுத்துவிட்டு, இவர் தண்டின் நுனியில் கையை வைத்துக்கொண்டு நடப்பார். கண் மூடும்வரை ஒவ்வொரு திருநாளும் நடந்தார். தோளில் பாரமில்லாவிட்டாலும் மெத்தையைப் போட்டு அனுப்புவேன்.

இப்போது இவரும் இல்லை, அண்ணனும் இல்லை. எங்களுக்கு இரண்டும் பெண்கள். மச்சாளின் மகனுக்கு இந்த வருஷம் முன்தண்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அவள் பஸ் ஏறி வந்தாள். பழைய நடுச்சுவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, அந்த நாளில் கேட்ட மாதிரியே கேட்டாள்.

"அந்தத் தோள்மெத்தை. சும்மா கிடக்கிறதுதானே மச்சாள்."

அவள் யன்னல் பலகையைப் பார்த்தாள். அதில் இப்போதும் மெழுகுதிரி இருக்கிறது.

"சல்லி எங்களுக்குத்தான் முதல் வந்தது," என்றாள். "ஆனா உங்கட ஆள் தண்டுக்குக் கீழ பூந்த நாளிலயிருந்து, எங்கட ஆளைக் கூட்டை விழுத்தின ஆள் எண்டுதான் இந்த ஒழுங்கையில சொன்னவை. அவர் பிறகு கோயிலில முன்னுக்கே வரேல்ல. உங்களுக்குத் தெரியுமோ மச்சாள், அந்த லைட்டைப் போட்டு வைச்சுக்கொண்டு, உங்களை நினைச்சுத்தான் நான் எரிஞ்சனான்."

அந்தோனியார் என்னை மன்னிக்கட்டும். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த எந்தச் சொல்லும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. திருநாளுக்கு முதல் வாரம் வாங்கோ, தாறன் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போய் அதே சிவப்பில் வெல்வெட் எடுத்தேன். நல்ல பஞ்சு வாங்கி வெயிலில் உலர்த்தினேன். கண் தெரியாது, மகளை ஊசி கோர்த்துத் தரச் சொல்லி, நெருக்கு நெருக்காய்த் தைத்தேன். அவளுடைய பிள்ளையின் தோள் நோகக்கூடாது என்று உண்மையாகவே செபித்துக்கொண்டுதான் தைத்தேன். நேற்று மச்சாள் வந்தாள். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலால் நடுவை அழுத்தினாள். பஞ்சு மெல்ல எழும்பி வந்தது; பள்ளம் நிற்கவில்லை. ஓரத்தில் எதையோ தேடினாள்.

"பழசு மாதிரி இல்லையே மச்சாள்," என்றாள்.

"இல்லைத்தான்," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் போட எழும்பினேன்.